பூவா தலையா: தற்செயலில் ஒழுங்கு தெரிவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாணயம் சுண்டினாலும், பகடை உருட்டினாலும், குலுக்கல் எடுத்தாலும், வரும் முடிவைப் பார்த்து ‘இதுல ஏதோ இருக்கு’ என்று தோன்றுவது எல்லோருக்கும் பொது. அது எப்போது சரி, எப்போது தவறு என்பதை உள்ளுணர்வால் சொல்ல முடியாது. எண்ணித்தான் பார்க்க வேண்டும். கீழே உள்ள கணக்குகள் பெரும்பாலும் பெருக்கலும் வகுத்தலும்தான். தாளும் பேனாவும் எடுத்து நீங்களே சரிபாருங்கள்.

இந்திய அணி தொடர்ந்து 20 டாஸ் தோற்றதே, அது வெறும் தற்செயலா?

தற்செயலாக நடக்கக்கூடியதுதான். 2023 நவம்பர் 19, உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் தொடங்கிய தோல்வி வரிசை 20 ஒருநாள் போட்டிகள் நீண்டு, 2025 டிசம்பர் 6 அன்று விசாகப்பட்டினத்தில் முடிந்தது. அரையை இருபது முறை பெருக்கினால் 10,48,576இல் ஒன்று என்று வரும். ‘பத்து லட்சத்தில் ஒன்று’ என்று எல்லோரும் சொன்ன எண் இதுதான்.

பெருக்கலில் பிழை இல்லை, கேள்வியில்தான் பிழை. ‘இந்த அணி, இந்த நாளில் தொடங்கி 20 டாஸ் தோற்கும்’ என்று யாராவது முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் அந்த எண் பொருந்தும். யாரும் எழுதி வைக்கவில்லை; நடந்த பிறகுதான் கவனித்தோம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: இதுவரை நடந்த எல்லா ஒருநாள் போட்டிகளிலும், ஏதாவது ஓர் அணிக்கு இப்படி அமைய வாய்ப்பு எவ்வளவு?

ஆண்கள் ஒருநாள் போட்டிகள் 4,800க்கும் மேல் நடந்திருக்கின்றன. ஒரு போட்டிக்கு இரண்டு அணிகள் என்றால் 9,600 டாஸ் அனுபவங்கள். புதிதாக ஒரு வரிசை தொடங்க அதற்கு முந்தைய டாஸை வென்றிருக்க வேண்டும், அதற்கு இன்னொரு அரை. 9,600ஐ 20,97,152ஆல் வகுத்தால் 0.0046. தொடர்ந்து 20 முறை வென்றிருந்தாலும் இதே அளவு வியந்திருப்போம் என்பதால் இரட்டிக்க வேண்டும்: 0.0092. பத்து லட்சத்தில் ஒன்று, ஏறத்தாழ நூறில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. டெஸ்ட், டி20, பெண்கள் கிரிக்கெட் எல்லாவற்றையும் சேர்த்தால் இன்னும் சுருங்கும். அரிதுதான். ஆனால் காரணம் தேடி அலைய வேண்டிய அளவுக்கு அரிதல்ல.

நாணயம் உண்மையிலேயே சரிபாதிதானா?

மிகச் சிறிய சாய்வு உண்டு. சுழலும் நாணயம் லேசாகத் தள்ளாடுவதால், சுண்டும்போது மேலே இருந்த பக்கமே மேலாக விழும் வாய்ப்பு 51 சதவீதத்தை ஒட்டி இருக்கும் என்று கணிதவியலாளர் பெர்சி டயகோனிஸும் இரு சக ஆய்வாளர்களும் 2007இல் கணித்தார்கள். 2023இல் வெளியான ஒரு பெரிய சோதனையில் 3,50,757 முறை கையால் சுண்டிப் பார்த்தபோது 50.8 சதவீதம் வந்தது. சுண்டுபவர் கட்டைவிரலில் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று தெரியாமல் ‘தலை’ என்று கூப்பிட்டால் இந்தச் சாய்வால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

தற்செயலான வரிசை பார்வைக்கு எப்படி இருக்கும்?

எதிர்பார்ப்பதைவிடக் கட்டி கட்டியாக. பை (π = 3.14159…) எண்ணின் முதல் 50 தசம இலக்கங்களை எடுத்து, புளியங்கொட்டையைக் கைக்குள் மூடி விளையாடும் ஒற்றையா இரட்டையா போல மாற்றிப் பார்க்கலாம். ஒற்றைப்படை ‘ஒ’, இரட்டைப்படை ‘இ’:

ஒ இ ஒ ஒ ஒ இ இ ஒ ஒ ஒ
இ ஒ ஒ ஒ ஒ இ ஒ இ இ இ
இ இ இ ஒ ஒ இ ஒ இ ஒ ஒ
ஒ இ இ இ இ இ ஒ ஒ ஒ ஒ
இ ஒ ஒ ஒ ஒ ஒ ஒ ஒ ஒ இ

கடைசி வரியில் எட்டு ஒற்றைகள் ஒட்டிக்கொண்டு வருவதைப் பாருங்கள் (9, 3, 9, 9, 3, 7, 5, 1). இரண்டாம் வரியின் முடிவும் மூன்றாம் வரியின் தொடக்கமும் சேர்ந்து ஆறு இரட்டைகள். பை இலக்கங்கள் குலுக்கிப் போட்டவை அல்ல, கணக்கால் தீர்மானமானவை. ஆனாலும் தற்செயலுக்கான சோதனைகளில் அவை தேறிவிடுகின்றன. நாணயத்தை 50 முறை சுண்டினாலும் ஏறத்தாழ ஆறு தடவைக்கு ஒரு தடவை இப்படி எட்டோ அதற்கு மேலோ தொடர்ந்து வரும்.

ஒருவர் சுண்டி எழுதியதா, மனதால் எழுதியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வகுப்பறையில் செய்ய மிக நல்ல சோதனை இது. ஒரு பாதிப் பிள்ளைகள் நாணயத்தை 100 முறை சுண்டி எழுதட்டும். மறு பாதி, சுண்டாமல் கற்பனையாக 100 எழுதட்டும். தாள்களைக் கலந்து வாங்கி, ஒவ்வொன்றிலும் இரண்டே விஷயங்களை எண்ணுங்கள்.

முதலாவது, மிக நீளமான தொடர். நிஜமாகச் சுண்டினால், ஒரே பக்கம் ஆறோ அதற்கு மேலோ தொடர்ந்து வரும் வாய்ப்பு ஏறத்தாழ 80 சதவீதம். ஏழோ அதற்கு மேலோ என்றால் 54 சதவீதம். கற்பனையாக எழுதுபவருக்கு நாலு ‘தலை’ சேர்ந்தாற்போல வந்ததும் கை தயங்கும், ‘பூ’ போட்டுவிடுவார். இரண்டாவது, பூவிலிருந்து தலைக்கும் தலையிலிருந்து பூவுக்கும் மாறும் இடங்கள். 99 இடைவெளிகளில் சராசரியாக 49 அல்லது 50 மாற்றம் வரும். 40க்கும் 59க்கும் நடுவில் இருப்பது இயல்பு. கற்பனைத் தாளில் இது 60ஐத் தொடும், சில சமயம் தாண்டும்.

சோதனை கெடுவது எங்கே என்றால், சுண்டச் சொன்ன பிள்ளைகள் பாதியில் சலித்துப்போய் மீதியை மனதால் நிரப்பிவிடும்போது. இரண்டு இரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் சுண்ட மற்றவர் எழுதினால் இது பெருமளவு குறையும்.

இது வரிசைக்கு மட்டும்தானா? இடத்துக்கும் பொருந்துமா?

பொருந்தும், அங்கேதான் கண் இன்னும் மோசமாக ஏமாறுகிறது. வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு தாளில் 6க்கு 6 என 36 கட்டம் போடுங்கள். 36 புளியங்கொட்டையும் வெவ்வேறு நிறத்தில் இரண்டு லூடோ பகடையும் வேண்டும். சிவப்புப் பகடை எந்த வரிசை என்று சொல்லும், நீலம் எந்தப் பத்தி என்று சொல்லும். ஒவ்வொரு கொட்டைக்கும் இரண்டையும் டம்ளரில் நன்றாகக் குலுக்கிக் கொட்டி, காட்டும் கட்டத்தில் கொட்டையை வையுங்கள்.

36 கட்டம், 36 கொட்டை. கட்டத்துக்கு ஒன்று விழும் என்று மனம் எதிர்பார்க்கும். உண்மையில் சராசரியாக 13 கட்டங்கள் காலியாகவே இருக்கும். 13 கட்டங்களில் ஒவ்வொரு கொட்டை, 7 கட்டங்களில் இரண்டிரண்டு, மீதி 3 கட்டங்களில் மூன்றோ அதற்கு மேலோ குவியும். முடித்துவிட்டுத் தாளைப் பார்த்தால், யாரோ ஒரு மூலையில் வேண்டுமென்றே குவித்தது போலத்தான் இருக்கும். கட்டத்துக்கு ஒன்றாகச் சீராக விழுந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஒரே நிறப் பகடை இரண்டை வைத்துச் செய்தால் எது வரிசை, எது பத்தி என்பதைக் கண் தன் வசதிக்குத் தீர்மானிக்கும், முடிவு கெட்டுப்போகும். பகடை இல்லாமல் கொட்டைகளை மேலிருந்து தூவினாலும் ஆகாது. கைக்கு நேர் கீழே குவியும், அது தற்செயல் குவியல் அல்ல.

இதற்கு நிஜ உதாரணம் உண்டா?

1944இல் லண்டன் மீது ஜெர்மனி வி-1 பறக்கும் குண்டுகளை ஏவியது. சில பகுதிகளில் அடிக்கடி விழுகிறது, சில பகுதிகள் தப்பிக்கின்றன, ஆகவே குறிபார்த்துத்தான் அடிக்கிறார்கள் என்ற பேச்சு பரவியது. ஆர். டி. கிளார்க் என்ற காப்பீட்டுக் கணக்கியலர் தெற்கு லண்டனில் 144 சதுர கிலோமீட்டரை, தலா கால் சதுர கிலோமீட்டராக 576 கட்டங்களாகப் பிரித்தார். விழுந்த குண்டுகள் 537. 1946இல் அவர் வெளியிட்ட எண்ணிக்கையையும், முழுக்கத் தற்செயலாக விழுந்தால் வரவேண்டிய எண்ணிக்கையையும் பாருங்கள்:

குண்டே விழாத கட்டம்: 229 (கணக்குப்படி 227)
ஒன்று: 211 (211)
இரண்டு: 93 (99)
மூன்று: 35 (31)
நான்கு: 7 (7)
ஐந்தும் அதற்கு மேலும்: 1 (2)

புளியங்கொட்டைக் கட்டத்தில் நடந்ததுதான் இங்கேயும். அந்தக் குண்டுக்கு ஒரு தெருவையோ கட்டடத்தையோ குறிபார்க்கும் துல்லியம் கிடையாது. தரையில் இருந்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை. பக்கத்துத் தெருவில் நான்கு விழுந்ததைக் கண்ணால் பார்த்தவரிடம் ‘அது தற்செயல்’ என்று சொன்னால் நம்புவது கடினம்.

எங்கள் ஊரில் ஒரே ஆண்டில் ஆறு பேருக்குப் புற்றுநோய். இதையும் தற்செயல் என்று விட்டுவிடுவதா?

விடக் கூடாது, எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே அளவுள்ள 100 ஊர்கள், ஊருக்குச் சராசரி ஆண்டுக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். காற்று, தண்ணீர் எல்லாம் ஒன்றே என்றாலும், 13 அல்லது 14 ஊர்களில் ஒருவருக்கும் வராது. ஒன்று அல்லது இரண்டு ஊர்களில் ஆறோ அதற்கு மேலோ வரும். அந்த ஊர்க்காரர்களுக்கு மற்ற 98 ஊர்கள் கண்ணில் படாது, தங்கள் ஊரின் ஆறு வீடுகள்தான் தெரியும்.

சந்தேகம் வலுப்பது எப்போது? ஆறும் ஒரே வகைப் புற்றுநோயாக இருந்தால். அதுவும் அரிதான வகை என்றால் இன்னும் அதிகம். அடுத்த ஆண்டும் அதே ஊரில் எண்ணிக்கை உயர்ந்தே இருந்தால். இப்படிப் பார்க்கும்போது எல்லையை முதலில் வரைந்துவிட்டு நோயாளிகளை எண்ண வேண்டும். நோயாளிகள் இருக்கும் வீடுகளைச் சுற்றி எல்லை வரைந்தால் எந்த ஊரிலும் ஒரு ‘குவியல்’ கிடைக்கும். சுவரில் சுட்டுவிட்டு, குண்டு பாய்ந்த இடத்தைச் சுற்றி வட்டம் போடுவதும் இதுவும் ஒன்றே.

காரணமுள்ள குவியல்களும் உண்டு. 1854இல் லண்டன் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, இறந்தவர்களின் வீடுகள் பிராட் தெருவின் அடிபம்பைச் சுற்றியே இருந்ததை ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் கண்டார். அவர் வரைபடத்தோடு நிற்கவில்லை. தள்ளி இருந்து இறந்தவர்களில் யார் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடித்தார்கள், அருகிலேயே இருந்தும் தப்பிய மதுத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் எதைக் குடித்தார்கள் என்று விசாரித்தார். குவியல் கேள்வியை எழுப்பும். விசாரணைதான் பதில் தரும்.

சின்ன எண்ணிக்கையில் அதிகம் ஏமாறுவோமா?

ஆமாம். உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் மாணவர்களிடம் கேட்ட கேள்வி இது: பெரிய மருத்துவமனையில் நாளைக்கு 45 பிரசவம், சிறியதில் 15. 60 சதவீதத்துக்கு மேல் ஆண் குழந்தைகள் பிறந்த நாட்கள் ஓராண்டில் எங்கே அதிகம்? கேட்கப்பட்ட 95 பேரில் 53 பேர் ‘இரண்டிலும் ஏறத்தாழ சமம்’ என்றார்கள். கணக்குப்படி சிறியதில் சுமார் 55 நாட்கள், பெரியதில் சுமார் 25 நாட்கள். சிறிய பள்ளி மாவட்டத்திலேயே முதலிடம், சிறிய கிளை விற்பனையில் கடைசி போன்ற செய்திகளைப் படிக்கும்போது இந்த 55ஐயும் 25ஐயும் நினைவில் வையுங்கள்.

ரொம்ப நாளாக வராத எண் இனி வந்துதானே ஆக வேண்டும்?

அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. குடும்பங்களை அழிக்கும் நம்பிக்கை இது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில் ரவுலட் சக்கரத்தில் உருட்டிய பந்து தொடர்ந்து 26 முறை கறுப்புக் குழியில் நின்றது. ‘இவ்வளவு கறுப்புக்குப் பிறகு சிவப்பு நிச்சயம்’ என்று சிவப்பில் கட்டிக் கட்டித் தோற்றவர்கள் பெருந்தொகை இழந்தார்கள். சக்கரத்தில் 37 குழிகள்: சிவப்பு 18, கறுப்பு 18, பூஜ்யம் ஒன்று. பதினைந்து கறுப்புக்குப் பிறகும் சிவப்பின் வாய்ப்பு 37இல் 18தான். பந்துக்கு ஞாபகசக்தி கிடையாது.

இத்தாலியில் இதைவிடக் கொடுமை. அங்கே 2005 தொடக்கத்தில் லாட்டரியில் நகரத்துக்கு ஒன்றாகப் பத்து சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் 90 எண்களிலிருந்து ஐந்து எடுத்தார்கள். வெனிஸ் சக்கரத்தில் 53 என்ற எண் 2003 மே மாதத்துக்குப் பிறகு 182 குலுக்கல்களாக வரவே இல்லை. அந்த ஒரே எண் மீது 350 கோடி யூரோவுக்கு மேல் கட்டப்பட்டதாகச் செய்திகள் வந்தன. சேமிப்பு போனது, சில இடங்களில் உயிரும் போனது. 2005 பிப்ரவரி 9 அன்றுதான் 53 வந்தது. ஓர் எண் 182 முறை வராமல் போக வாய்ப்பு சுமார் 33,000இல் ஒன்று. ஆனால் அப்போதிருந்தபடி பத்து சக்கரங்கள், வாரம் இரு குலுக்கல் என்று எண்ணினால், எங்கோ ஓர் எண்ணுக்கு இப்படி நேர்வதை ஆறேழு ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கலாம்.

‘எல்லாம் கடைசியில் பாதிக்குப் பாதி ஆகிவிடும்’ என்பதைத் தவறாகப் புரிந்துகொள்வதே வேர். முதல் பத்து சுண்டலும் தலை என்று வையுங்கள். இன்னும் 1,000 சுண்டினால் 500 தலை எதிர்பார்க்கலாம், மொத்தம் 1,010இல் 510, அதாவது 50.5 சதவீதம். 10,000 சுண்டினால் 50.05 சதவீதம். கூடுதலாக வந்த தலைகளை ஈடுகட்டப் பூ எதுவும் அதிகம் வரவில்லை. பெரிய எண்ணிக்கையில் அவை கரைந்துவிட்டன. தண்ணீர் ஊற்ற ஊற்ற உப்புக் கரிப்பு குறைவதைப் போல: உப்பு எங்கும் போகவில்லை.

மூன்று நம்பர் லாட்டரிக்கு முந்தைய முடிவுகளை வைத்து ‘கெஸ்ஸிங்’ போட்டுத் தருவோரிடம் கேட்க வேண்டியதும் இதுவே. மூன்று இலக்க எண் எதற்கும் ஆயிரத்தில் ஒன்று. நேற்று வந்ததற்கும், ஓராண்டாக வராததற்கும் அதே ஆயிரத்தில் ஒன்று.

ஒரே எண்கள் அடுத்தடுத்து இரண்டு குலுக்கலில் வந்தால் மோசடி இல்லையா?

பல்கேரியாவில் 2009 செப்டம்பர் 6 அன்று வந்த 4, 15, 23, 24, 35, 42 என்ற ஆறு எண்களே 10ஆம் தேதியும் வந்தன. முதல் முறை யாரும் வெல்லவில்லை. இரண்டாம் முறை 18 பேர் அதே எண்களைக் கட்டியிருந்தார்கள். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது, முறைகேடு எதுவும் கிடைக்கவில்லை. 42இல் ஆறு என்றால் 52,45,786 சேர்க்கைகள். உலகெங்கும் எத்தனை லாட்டரிகள், வாரத்துக்கு எத்தனை குலுக்கல்கள், எத்தனை பத்தாண்டுகள் என்று பெருக்கினால் எங்கோ ஒருமுறை நடப்பது வியப்பல்ல. விசாரித்தது சரியே.

வாட்ஸ்அப்பில் வரும் பங்குச்சந்தை டிப்ஸ் ஆறு வாரம் தொடர்ந்து சரியாக இருந்தது. நம்பலாமா?

நம்ப வேண்டாம். மோசடிக்காரர்கள் 6,400 பேரிடம் தொடங்குவார்கள். 3,200 பேருக்கு ‘ஏறும்’, 3,200 பேருக்கு ‘இறங்கும்’. தவறான செய்தி போன பாதியை விட்டுவிட்டு மீதியை மறுபடி இரண்டாகப் பிரிப்பார்கள். 3,200, 1,600, 800, 400, 200, ஆறாவது வாரம் 100. அந்த நூறு பேரும் ஒரு தவறைக்கூடப் பார்க்கவில்லை. ஏழாவது வாரம் சந்தா கேட்பார்கள்.

ஷஃபிளில் போட்டால் ஒரே இசையமைப்பாளர் பாட்டே திரும்பத் திரும்ப வருகிறதே?

பத்து இசையமைப்பாளர்கள், தலா பத்துப் பாட்டு, மொத்தம் நூறு. நன்றாகக் கலக்கினால் அடுத்தடுத்த 99 ஜோடிகளில் சராசரியாக 9 ஜோடிகள் ஒரே இசையமைப்பாளருடையதாக இருக்கும். இந்தப் புகார் தாங்காமல்தான் ஆப்பிள் 2005இல் ஒரே கலைஞரின் பாட்டுகளை விலக்கி வைக்கும் வசதியைச் சேர்த்தது. ஸ்பாட்டிஃபையும் கலக்கும் முறையை மாற்றியதை 2014இல் விளக்கியது. உண்மையான தற்செயலைக் கேட்டவர்களுக்கு அது தற்செயலாகத் தெரியவில்லை.

‘ஃபார்மில் இருக்கிறார்’ என்பதும் மாயைதானா?

1985இல் கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி ஆகியோர் கூடைப்பந்துப் பதிவுகளை ஆராய்ந்து, அடித்தவர் அடுத்ததையும் அடிப்பார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். முப்பது ஆண்டு இதுவே பாடம். 2018இல் மில்லரும் சன்ஹூர்ஹோவும் அந்தக் கணக்கிலேயே ஒரு நுட்பமான பிழையைக் காட்டினார்கள். நாணயத்தை மூன்று முறை சுண்டுங்கள். தலைக்கு அடுத்து வந்தவற்றில் தலை எத்தனை பங்கு என்று ஒவ்வொரு வரிசைக்கும் குறியுங்கள். (த = தலை, பூ = பூ.)

த த த: 1
த த பூ: அரை
த பூ த: 0
த பூ பூ: 0
பூ த த: 1
பூ த பூ: 0

மற்ற இரண்டு வரிசைகளில் தலைக்குப் பிறகு சுண்டலே இல்லை. ஆறின் சராசரி 12இல் 5, அரை அல்ல. ஆகவே வெறும் நாணயமே இப்படி எண்ணினால் பாதிக்குக் கீழே காட்டும். ஆட்டக்காரர் சரியாகப் பாதி காட்டினால் அவரிடம் ஏதோ கூடுதலாக இருக்கிறது. திருத்திக் கணக்கிட்டால் அந்தப் பழைய பதிவுகளிலேயே ‘ஃபார்ம்’ தென்படுகிறது. ரசிகர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்பது வேறு; இல்லவே இல்லை என்று சொன்னது தவறு.

மனம் ஏன் இப்படி வேலை செய்கிறது?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குப் பழையது. பழம் விழாமல் காக்கை உட்கார்ந்த ஆயிரம் தடவைகளை யாரும் கணக்கு வைப்பதில்லை. உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1948இல், புறாக்கள் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தீனி விழும்படி வைத்தார். எட்டில் ஆறு புறாக்கள் தங்களுக்கென்று ஒரு சடங்கைப் பிடித்துக்கொண்டன: ஒன்று கூண்டுக்குள் சுற்றியது, இன்னொன்று கூண்டின் மேல் மூலைக்குள் தலையைத் திரும்பத் திரும்ப நீட்டியது. காரணத்தைத் தவறவிடுவதைவிட இல்லாத காரணத்தைப் பிடித்துக்கொள்வது உயிர் வாழ்வதற்கு மலிவு. புல் அசைந்தால் பாம்பு என்று ஒதுங்கியவருக்கு நட்டம் இரண்டு அடி நடைதான்.

படித்தவர்களும் விலக்கல்ல. இந்தியாவில் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலித்த வங்கி அலுவலர்கள், அமெரிக்காவில் அகதி வழக்குகளைத் தீர்மானித்த நீதிபதிகள் ஆகியோரின் முடிவுகளை 2016இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துப் பார்த்தது. முந்தைய விண்ணப்பத்தை ஏற்றிருந்தால் அடுத்ததை மறுக்கும் சாய்வு இருந்தது, அந்த விண்ணப்பத்தின் தகுதியோடு தொடர்பே இல்லாமல்.

நாணயம் கோணலா என்று சோதிக்க எத்தனை முறை சுண்ட வேண்டும்?

100 முறை சுண்டினால், சரியான நாணயமே 40 முதல் 60 தலை வரை காட்டும். 70 வந்தால் நாணயத்தை மாற்றிவிடுங்கள். 51 சதவீதம் போன்ற சிறு சாய்வைப் பிடிக்க 10,000 சுண்டலாவது வேண்டும், அப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாமல் போகலாம். எத்தனை என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிட்டு அத்தோடு நிறுத்துங்கள். ‘சாய்வு தெரியும் வரை சுண்டுவோம்’ என்று போனால் நேர்மையான நாணயமும் ஏதாவது ஓர் இடத்தில் குற்றவாளியாகத் தெரியும்.